பட்டியலில் இல்லாத தேவை

லினக்ஸை இணையத்திலிருந்து இறக்கி அப்படியே பயன்படுத்துகிறவர்கள் ஒரு வகை. வேண்டாததைக் கழித்து, வேண்டியதைச் சேர்த்து, தங்களுக்கென்று ஓர் இன்ஸ்டால் இமேஜைத் தயாரித்து, அதை நூற்றுக்கணக்கான கணினிகளில் ஏற்றுகிறவர்கள் இன்னொரு வகை. கல்லூரி ஆய்வகங்களும் வங்கிகளும் அரசுத் துறைகளும் இரண்டாம் வகையில் வருகின்றன. டெபியனை அடிப்படையாக வைத்துச் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இப்படிப் பிறந்ததுதான். தமிழ்நாடு அரசு 2011ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சேர்ந்து அதுவும் மாணவர்கள் கைக்கு வந்தது. இப்படி இமேஜ் தயாரிக்கிற எவரும் என்றாவது ஒருநாள் சந்திக்கிற பிழை ஒன்று உண்டு. பென்டிரைவைச் செருகிக் கணினியை இயக்கினால் திரையில் வரிகள் ஓடி ஓரிடத்தில் நின்றுவிடும். இன்ன ஷேர்டு லைப்ரரியைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்பு இல்லை என்று கடைசி வரி சொல்லும். இன்ஸ்டாலர் அதற்கு மேல் நகராது. அந்தக் கோப்பை எங்கிருந்தாவது கொண்டுவந்து போட்டால் வேலை முடிந்தது என்பதுதான் பெரும்பாலோர் எடுக்கும் முடிவு. அது தவறான முடிவு என்பது என் வாதம். இமேஜில் உண்மையாக விடுபட்டது, அந்தக் கோப்பு தேவை என்ற தகவல். அந்தத் தகவல் எந்தக் கட்டத்தில் நழுவியது என்று தெரியாதவரை, ஒரு கோப்பைப் போட்டதும் அடுத்த கோப்பு இல்லை என்று வந்துகொண்டே இருக்கும்.

ஷேர்டு லைப்ரரி என்பது பல நிரல்கள் பொதுவாக எடுத்துப் பயன்படுத்தும் நிரல்பகுதிகளின் தொகுப்பு. ஊருக்கு ஒரு மாவு மில் இருந்தால் வீட்டுக்கு வீடு அரவை இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. ஆனால் மில் திறக்காத அன்று ஊரில் ஒரு வீட்டிலும் மாவு கிடையாது. லினக்ஸில் சி லைப்ரரி அப்படிப்பட்ட ஒன்று. கோப்பைத் திறப்பது, நினைவகம் கேட்பது, நேரம் பார்ப்பது என்று ஏறக்குறைய எல்லா நிரல்களும் அதன் வாசலில்தான் போய் நிற்கின்றன. குறியாக்கத்துக்கு ஓபன்எஸ்எஸ்எல், சுருக்கிய கோப்பை விரிக்க இசட்லிப், திரையில் எழுத்தை அடுக்க பாங்கோ என்று இந்த ஏற்பாடு நீண்டுகொண்டே போகும். 1988ல் வெளிவந்த சன்ஓஎஸ் 4.0 இந்த முறையை யூனிக்ஸ் உலகில் நிலைநிறுத்தியது. வட்டிலும் நினைவகத்திலும் இடம் மிச்சமாகும் என்பது அன்றைய காரணம். லைப்ரரியில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அந்த ஒரு கோப்பை மாற்றினாலே போதும், அதைப் பயன்படுத்தும் எல்லா நிரல்களும் சரியாகிவிடும் என்பது இன்றைய காரணம். இரண்டாவதுதான் கனமானது.

நிரல் ஓடத் தொடங்கும்போது நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பிழைச் செய்தி சில நேரம் தவறான திசையில் கையைக் காட்டும். எல்ஃப் என்ற வடிவில் உள்ள ஒவ்வொரு நிரல்கோப்பின் உள்ளேயும் அதற்குத் தேவையான லைப்ரரிகளின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கும். கர்னல் அந்தப் பட்டியலைப் படிப்பதே இல்லை. கோப்பில் எழுதியிருக்கும் இன்னொரு வரியை மட்டும் அது படிக்கிறது. டைனமிக் லோடர் என்ற சிறிய நிரல் இருக்கும் இடம் அந்த வரியில் இருக்கும். லோடரை எழுப்பி, மற்றதை நீ பார்த்துக்கொள் என்று கர்னல் ஒதுங்கிவிடும். பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயராகத் தேடி நினைவகத்தில் ஏற்றுவது லோடரின் வேலை. எந்தெந்த லைப்ரரி எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே எழுதிவைத்த ஒரு குறிப்புக் கோப்பை அது புரட்டும். அதில் கிடைக்காவிட்டால் வழக்கமான ஓரிரு அடைவுகளில் தேடும். அங்கும் இல்லையென்றால் கையை விரித்துவிடும். பெயரைச் சொல்லி இல்லை என்று வரும் செய்தி இந்தக் கட்டத்தில் பிறப்பது. லோடரே இமேஜில் இல்லாதபோதுதான் உண்மையான குழப்பம் வருகிறது. கர்னல் லோடரைத் தேடித் தோற்று, கோப்பு இல்லை என்று மட்டும் திருப்பிச் சொல்லும். எந்தக் கோப்பு என்று சொல்லாது. இயக்க முயன்ற நிரல் கண்முன்னே இருக்கும், பட்டியலிட்டால் தெரியும், அனுமதிகளும் சரியாக இருக்கும், இயக்கினால் மட்டும் இல்லை என்று வரும். ஜிலிப்சி என்ற சி லைப்ரரிக்காகக் கட்டப்பட்ட நிரலை, மஸ்ல் என்ற வேறொரு சி லைப்ரரியில் நிற்கும் ஆல்பைன் லினக்ஸில் போட்டால் நேர்வது இதுதான். 32 பிட் நிரலை 64 பிட் கோப்புகள் மட்டும் உள்ள இமேஜில் போட்டாலும் இதே கதைதான். அந்த நேரத்தில் நிரல்கோப்பைத் திரும்பத் திரும்பப் பிரதி எடுத்து நேரத்தைக் கழிப்பவர்கள் அதிகம்.

கோப்பைக் கொண்டுவந்து போடும் வைத்தியம் எங்கே போய் முடியும் என்பதற்கு ஓபன்எஸ்எஸ்எல் நல்ல சான்று. 2021 செப்டம்பரில் அதன் 3.0 பதிப்பு வந்தது. முந்தைய 1.1.1 பதிப்புக்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரில் முடிந்தது. உபுண்டு 22.04 புதிய பதிப்பை மட்டுமே தாங்கி வந்தது. பழைய பதிப்பை நம்பிக் கட்டப்பட்ட நிரல்களை அதில் போட்டதும், லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 இல்லை என்ற வரி வந்தது. புதியது அங்கேயே இருக்கிறதே, அதைச் சுட்டும் ஒரு சிம்லிங்கைப் பழைய பெயரில் வைத்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு. வைத்தால் லோடர் பெயரைக் கண்டு ஏமாந்து கோப்பைத் திறக்கும், உள்ளே பதிப்புக் குறிகளைச் சரிபார்க்கும், 1.1.0க்கு உரிய குறி இங்கே இல்லை என்று சொல்லி நின்றுவிடும். இது நல்ல முடிவு. பதிப்புக் குறி இல்லாத வேறு லைப்ரரிகளில் இதே தந்திரத்தைச் செய்தால் நிரல் தொடங்கியும்விடும். பிறகு ஒரு நாள், ஓர் அழைப்பில், உள் அமைப்பு மாறிப்போன ஒரு தரவைப் படித்து உடையும். கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எண்ணை அலங்காரமாக நினைக்கக் கூடாது. இந்த எண் வரைக்கும் உனக்குத் தெரிந்தபடியே நடந்துகொள்வேன் என்று லைப்ரரி நிரலுக்குக் கொடுத்த வாக்கு அது. எண் மாறினால் அந்த வாக்கு முடிந்தது என்று பொருள். பழைய இயங்குதளத்திலிருந்து 1.1 கோப்பையே எடுத்து இமேஜில் வைத்தால் நிரல் ஓடும்தான். ஆனால் இனி யாரும் பாதுகாப்புத் திருத்தம் தராத ஒரு குறியாக்க லைப்ரரியை, எந்தப் பேக்கேஜ் கணக்கிலும் இல்லாமல், நூற்றுக்கணக்கான கணினிகளில் ஏற்றியிருப்போம். பிறகு அதைப் புதுப்பிக்க வேண்டும் என்ற நினைவு யாருக்கு வரும்?

தகவல் நழுவும் இடங்கள் அப்படி ஒன்றும் எண்ணற்றவை அல்ல. டெபியனிலும் ஃபெடோராவிலும் ஒரு பேக்கேஜ் கட்டப்படும்போதே கருவிகள் அதன் நிரல்களைத் திறந்து, உள்ளே எழுதியிருக்கும் லைப்ரரிப் பெயர்களைப் படித்து, அவற்றைப் பேக்கேஜின் தேவைகளாகப் பதிந்துவிடுகின்றன. மனிதர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆகவே முழுக்க முழுக்க பேக்கேஜ் நிர்வாகி வழியே நிறுவிய ஓர் அமைப்பில் இந்தப் பிழை அபூர்வம். அந்தக் கணக்கைத் தாண்டி யாரோ கையை நுழைக்கும்போதுதான் வருகிறது. வெளியிலிருந்து வாங்கிய டிரைவர் நிரலை நேரடியாக இமேஜுக்குள் பிரதி எடுப்பார்கள். லைப்ரரியை ஆப்ட் என்ற அடைவுக்குள் போட்டுவிட்டு, லோடரின் குறிப்புக் கோப்பைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் கட்டளையை ஓட்ட மறப்பார்கள். சாதாரண கணினியில் அதைப் பிறகு ஓட்டிக்கொள்ளலாம். படிக்க மட்டுமே முடிகிற ஸ்குவாஷ் இமேஜில் அடைத்த பிறகு அதற்கும் வழியில்லை. இன்னொரு பெரிய காரணம், இடம் மிச்சப்படுத்துவதற்காக நிறுவிய பிறகு கழிப்பது. ஃபெடோரா, ரெட் ஹாட் இன்ஸ்டால் இமேஜ்களை உருவாக்கும் லோராக்ஸ் என்ற கருவி இதை வெளிப்படையாகவே செய்கிறது. பேக்கேஜ்களை எல்லாம் நிறுவிய பின், இன்ன பேக்கேஜிலிருந்து இன்ன கோப்புகளை நீக்கு என்று வரிவரியாக எழுதிய ஒரு வார்ப்புருவை அது படித்துக் கோப்புகளை அழிக்கிறது. அழிந்த பின்னும் பேக்கேஜ் தரவுத்தளத்தைக் கேட்டால் எல்லாம் இருப்பதாகவே சொல்லும். அழிக்கும் வரியை எழுதியபோது அந்த லைப்ரரி யாருக்கும் தேவைப்படாமல் இருந்திருக்கலாம். அடுத்த பதிப்பில் வேறொரு நிரல் அதைக் கேட்கத் தொடங்கும். அழிக்கும் வரி மட்டும் பழையபடி அங்கேயே இருக்கும்.

தேடும் முறையிலும் ஒரு பொறி இருக்கிறது. எல்டிடி என்ற கட்டளை ஒரு நிரலுக்குத் தேவையான லைப்ரரிகளையும் அவை கிடைக்கும் இடங்களையும் காட்டும் என்று எல்லாக் கையேடும் சொல்லும். இமேஜைத் தன் கணினியில் விரித்துவைத்து, அதிலுள்ள நிரலின் மேல் எல்டிடியை ஓட்டுகிறவர், எல்லாம் கிடைக்கிறது என்ற பதிலைப் பார்த்துக் குழம்புவார். எல்டிடி தேடியது அவருடைய கணினியில், இமேஜுக்குள் இல்லை. சிரூட் கட்டளையால் இமேஜையே மூல அடைவாக்கி, அதன் உள்ளே போய்க் கேட்டால்தான் உண்மை தெரியும். சின்ன இமேஜ்களில் அதற்கும் தடை வரும். எல்டிடி என்பது ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்; அது கேட்கும் ஷெல் உள்ளே இல்லாமல் போகலாம். அப்போது லோடரையே நேரடியாகப் பெயர் சொல்லி இயக்கி, பட்டியல் காட்டு என்று கேட்கலாம்; அது கொடுக்கும் பதிலும் அதே பதில்தான். நம்பிக்கையில்லாத நிரலின் மேல் எல்டிடியை ஓட்டக் கூடாது என்று அதன் கையேடே எச்சரிக்கிறது, ஏனென்றால் சில சூழல்களில் அது அந்த நிரலை இயக்கியே பதிலைப் பெறுகிறது. வேறு வகை செயலிக்கான இமேஜ் என்றால் இயக்கவும் முடியாது. இந்த இரண்டுக்கும் ரீட்எல்ஃப் பொருத்தமானது. எதையும் இயக்காமல் கோப்பைத் திறந்து பெயர்களை மட்டும் படித்துக் காட்டும். இமேஜில் உள்ள ஒவ்வொரு எல்ஃப் கோப்பும் கேட்கும் பெயர்களை ஒரு பட்டியலாகவும், இமேஜில் இருக்கும் லைப்ரரிகளின் பெயர்களை இன்னொரு பட்டியலாகவும் எடுத்து, முதல் பட்டியலில் இருந்து இரண்டாவதில் இல்லாததைக் கழித்துப் பார்ப்பது சில வரி ஸ்கிரிப்ட் வேலை. இமேஜ் கட்டும் ஒவ்வொரு முறையும் இது தானாக ஓட வேண்டும், ஏதாவது மிஞ்சினால் கட்டும் பணி அங்கேயே நிற்க வேண்டும். இதைச் செய்யாமல் இமேஜை வெளியே அனுப்புவதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அந்த ஸ்கிரிப்ட் எதையும் காட்டாததால் மட்டும் இமேஜ் முழுமை என்று ஆகிவிடாது. கடினமான பகுதி இங்கேதான் தொடங்குகிறது. ஒரு நிரல் தன் பட்டியலில் எழுதாமல், ஓடிக்கொண்டிருக்கும்போது டிஎல்ஓபன் என்ற அழைப்பின் மூலம் ஒரு லைப்ரரியைப் பெயர் சொல்லி ஏற்றிக்கொள்ளலாம். எல்டிடிக்கும் ரீட்எல்ஃபுக்கும் பேக்கேஜ் கருவிகளுக்கும் அந்தப் பெயர் கண்ணில் படாது. இதில் எனக்கு மிகவும் பாடம் சொல்வதாகத் தோன்றுவது, முழுவட்டுக் குறியாக்கம் செய்த கணினிகளில் நடந்த ஒரு சிக்கல். அத்தகைய கணினி பூட் ஆகும்போது முதலில் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறிய தற்காலிக அமைப்பு நினைவகத்தில் விரிகிறது. அதற்குள் இருக்கும் கிரிப்ட்செட்அப் என்ற நிரல் கடவுச்சொல்லைக் கேட்டு வட்டைத் திறக்கிறது. சில அமைப்புகளில், கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்த பிறகும் நிரல் பாதியில் முறிந்தது. பிதிரெட் கேன்சல் வேலை செய்ய லிப்ஜிசிசி எஸ் நிறுவப்பட்டிருக்க வேண்டும் என்று ஒரு வரி மட்டும் திரையில் வந்தது. கடவுச்சொல்லைத் திறவுகோலாக மாற்றும் ஆர்கான்2 கணக்கீடு பல இழைகளில் ஓடுகிறது. ஓர் இழை முடியும்போது, அது நுழைந்து வந்த அழைப்புகளை எல்லாம் பின்னோக்கி அவிழ்க்க வேண்டியிருக்கிறது. அவிழ்க்கும் வேலையைச் செய்யும் லைப்ரரியைச் சி லைப்ரரி அந்தக் கணத்தில்தான் டிஎல்ஓபன் மூலம் தேடுகிறது. கிரிப்ட்செட்அப்பின் பட்டியலில் அதன் பெயர் இல்லை. சி லைப்ரரியின் பட்டியலிலும் இல்லை. எல்டிடி சொன்னதை நம்பிக் கோப்புகளைப் பிரதி எடுத்த கருவி தன் வேலையைப் பிழையில்லாமல் செய்தது. ஆனால் வட்டு திறக்கவில்லை.

டெபியனில் இதற்கு வைத்த தீர்வும் கவனிக்கத்தக்கது. ஒரு நிரலின் பட்டியலில் இழைகளுக்கான லிப்பிதிரெட் இருந்தால், கேட்காவிட்டாலும் லிப்ஜிசிசி எஸ் கோப்பையும் சேர்த்துப் பிரதி எடு என்பது விதி. யூகத்தின் மேல் கட்டிய விதி என்றாலும் வேலை செய்தது. 2021 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.34, லிப்பிதிரெட்டைச் சி லைப்ரரிக்குள்ளேயே சேர்த்துவிட்டது. அதன் பிறகு கட்டப்பட்ட நிரல்களின் பட்டியலில் அந்தப் பெயர் வருவது நின்றது. யூகத்துக்கு அடையாளமாக இருந்ததே மறைந்துபோனது. விதியைத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. ஒரு தேவையை அறிவிக்க வேண்டிய நிரல் அறிவிக்காமல் இருக்க, அதைப் பயன்படுத்துகிறவர் வேறு அறிகுறிகளிலிருந்து ஊகித்துக்கொண்டிருந்தால், அறிகுறி மாறும் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவருடைய கணினி பூட் ஆகாமல் நிற்கும்.

நிரல் முறிந்தால் செய்தியாவது வருகிறது. முறியாமலே தவறு செய்யும் வகையும் உண்டு, தமிழ் வாசகர் அதை நேரடியாக உணர முடியும். டெபியன் இன்ஸ்டாலரில் தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் எழுத்துத்திரை வடிவில் முடியாது. 2007ல் டெபியன் 4.0 உடன் வந்த வரைகலை இன்ஸ்டாலர்தான் அதற்கு வழி திறந்தது. தமிழ் எழுத்தைத் திரையில் வைக்க, குறிகளை வந்த வரிசையில் அடுக்கினால் போதாது. எகரக் கொம்பு மெய்க்கு முன்னே வந்து நிற்க வேண்டும். ஒகரக் குறி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் நிற்க வேண்டும். அன்றைய பாங்கோவில் இதைச் செய்த பகுதி, இந்திய மொழிகளுக்கென்று தனியே இருந்த ஒரு மாட்யூல். அது டிஎல்ஓபன் மூலம் ஏற்றப்பட்டது. எந்த மொழிக்கு எந்த மாட்யூல் என்று எழுதிய ஒரு கோப்பைப் பார்த்துப் பாங்கோ தேர்ந்தெடுத்தது. இமேஜைச் சிறிதாக்குகிறேன் என்று அந்த மாட்யூலைக் கழித்தாலோ, அந்தக் கோப்பைப் புதுப்பிக்கத் தவறினாலோ, பிழைச் செய்தி எதுவும் வராது. பாங்கோ அடிப்படை மாட்யூலுக்கு இறங்கிவந்து எழுத்துகளை வந்த வரிசையிலேயே வைத்துவிடும். கொம்பு மெய்க்குப் பின்னால் போய்த் தொங்கும். ஆங்கிலத்தில் சோதித்த பொறியாளருக்கு இமேஜ் சரியாகவே தெரியும். 2012 முதல் பாங்கோ இந்த வேலையை ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரியிடம் கொடுத்தது, நாளடைவில் மாட்யூல் முறையே கைவிடப்பட்டது. அதனால் அந்தக் குறிப்பிட்ட ஆபத்து இன்று இல்லை. ஆனால் அதே அமைப்பு வேறு இடங்களில் தொடர்கிறது. படக்கோப்புகளைத் திறக்கும் ஜிடிகே பிக்ஸ்பஃப்பில் ஏற்றிகள் தனித்தனி மாட்யூல்கள். எஸ்விஜி படங்களுக்கான ஏற்றி இல்லையென்றால் பொத்தான்களில் படம் வராது. ஜிலிப் நெட்வொர்க்கிங் இல்லையென்றால் நிரல் ஓடும், பாதுகாப்பான இணைப்பு மட்டும் கிடைக்காது.

இவ்வளவு தொல்லை எதற்கு, எல்லாவற்றையும் ஸ்டாட்டிக் முறையில், அதாவது லைப்ரரியின் பகுதிகளை நிரலுக்குள்ளேயே சேர்த்து, கட்டிவிட்டால் ஷேர்டு லைப்ரரியே தேவையில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. அது மதிக்க வேண்டிய கேள்வி. மீட்புச் சூழல்களில் அதுதான் சரியான விடையும்கூட. டெபியனின் இன்ஸ்டாலரையும் மீட்புக் கருவிகளையும் ஒரே ஃபிளாப்பியில் அடக்குவதற்காக, 1995ல் புரூஸ் பெரன்ஸ் எழுதத் தொடங்கிய பிஸிபாக்ஸ், பல கட்டளைகளை ஒரே நிரலாக்கித் தந்தது. 2004 ஜனவரியில் வந்த ஃப்ரீபிஎஸ்டி 5.2, தன் அடிப்படைக் கட்டளைகளை ஷேர்டு லைப்ரரிகளின் மேல் கொண்டுவந்தது. கூடவே, லைப்ரரிகள் கெட்டாலும் இயங்கும் ஸ்டாட்டிக் கருவிகளை ரெஸ்கியூ என்ற தனி அடைவில் வைத்தது. அது தேர்ந்த முடிவு. எந்த இன்ஸ்டால் இமேஜிலும் ஒரு ஸ்டாட்டிக் பிஸிபாக்ஸை வைப்பது நல்லது, ஏனென்றால் மற்ற எல்லாம் உடைந்தபோது உள்ளே போய்ப் பார்க்க ஒரு ஷெல் இருக்கும். ஆனால் முழு இன்ஸ்டாலரையும் அப்படிக் கட்டலாம் என்பது வேறு பேச்சு. ஓபன்எஸ்எஸ்எல்லில் ஓர் ஓட்டை வந்தால் அதை உள்ளே விழுங்கிய ஒவ்வொரு நிரலையும் மறுபடி கட்ட வேண்டும். எது எது விழுங்கியது என்ற கணக்கு எங்கே என்ற பழைய கேள்வி அப்போது வேறு உருவில் திரும்பி வரும். ஜிலிப்சியை ஸ்டாட்டிக்காகக் கட்டினாலும் பயனர் பெயரையும் கணினிப் பெயரையும் தேடும் சில அழைப்புகள் ஓடும்போது ஷேர்டு லைப்ரரிகளைக் கேட்கும். கட்டும்போதே லிங்கர் அதை எச்சரிக்கிறது. அந்த வரியைப் படிப்பவர்கள் குறைவு.

வட்டு மலிவாகிவிட்டதே, எதையும் கழிக்காமல் எல்லா லைப்ரரிகளையும் போட்டுவிடலாமே என்பது இன்னொரு மறுப்பு. இதில் பாதி உண்மை இருக்கிறது. வீணாகக் கழிப்பதால் வரும் பிழைகள் பல. சில மெகாபைட் மிச்சத்துக்காக ஒரு நாள் வேலையைத் தொலைப்பது நல்ல வியாபாரம் இல்லை. கழிப்பதைக் குறையுங்கள் என்ற அளவில் நானும் அதை ஏற்கிறேன். ஆனால் இனிட்ராம்எஃப்எஸ் முழுதும் நினைவகத்தில் விரிகிறது. அங்கே எல்லாவற்றையும் போடுவது நடக்காது. எல்லாம் என்பது எதுவரை என்பதற்கும் எல்லை இல்லை. போட்டுவைத்த ஒவ்வொரு லைப்ரரியும் ஒரு கதவு என்பதை 2024 மார்ச் 29 அன்று உலகம் பார்த்தது. சுருக்கும் வேலையைச் செய்யும் எக்ஸ்இசட் தொகுப்பின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்கதவு வைக்கப்பட்டிருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் அன்று அறிவித்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவைதான் தாக்குதலின் இலக்கு. அந்தச் சேவைக்கும் எக்ஸ்இசட்டுக்கும் நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. சில விநியோகங்கள் எஸ்எஸ்ஹெச்சை, கணினியின் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் லைப்ரரியோடு இணைத்திருந்தன. அந்த லைப்ரரி எக்ஸ்இசட்டின் லைப்ரரியைக் கேட்டது. கேட்டதால் அது ஒவ்வொரு எஸ்எஸ்ஹெச் செயல்பாட்டிலும் ஏறி உட்கார்ந்தது. தேவையில்லாத இடத்தில் ஏறிய ஒரு லைப்ரரி என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

பட்டியல் நீளமானால் ஆபத்து. பட்டியலில் எழுதாமல் டிஎல்ஓபன் செய்தால் இமேஜ் கட்டுகிறவருக்குத் தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் வழி இருக்கிறதா? சிஸ்டம்டி எடுத்த வழி எனக்குச் சரியாகப் படுகிறது. எப்போதாவது மட்டும் தேவைப்படும் பல லைப்ரரிகளை, தேவைப்படும் கணத்தில் டிஎல்ஓபன் மூலம் ஏற்றிக்கொள்ளும் முறைக்கு அது ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருந்தது. 2024 ஜூனில் வந்த அதன் 256ஆம் பதிப்பில், அப்படி ஏற்றக்கூடிய லைப்ரரிகளின் பெயர்கள் எல்ஃப் கோப்புக்குள்ளேயே ஒரு தனிக் குறிப்பாக எழுதப்படுகின்றன. எந்த அம்சத்துக்காக எந்த லைப்ரரி வேண்டும், இல்லாவிட்டால் நிரலே ஓடாதா, ஓர் அம்சம் மட்டும் குறையுமா என்பதும் அந்தக் குறிப்பில் இருக்கும். லோடர் அதைக் கண்டுகொள்ளாது, ஆகவே தேவையில்லாமல் எதுவும் ஏறாது. பேக்கேஜ் கருவியும் இனிட்ராம்எஃப்எஸ் கட்டும் கருவியும் அதைப் படிக்க முடியும், ஆகவே ஊகிக்க வேண்டியதில்லை. இந்தக் குறிப்பு எழுதும் முறை சிஸ்டம்டிக்கு மட்டும் உரியதாக வைக்கப்படவில்லை. எந்த நிரலும் பின்பற்றலாம் என்று பொது விதியாகவே வெளியிடப்பட்டிருக்கிறது. டிஎல்ஓபன் பயன்படுத்தும் லைப்ரரி ஆசிரியர்கள் எல்லாரும் இதை எழுத வேண்டும் என்று கேட்பது அதிகப்படி அல்ல. தனக்கு என்ன வேண்டும் என்று அந்த நிரலை எழுதியவருக்கு மட்டும்தான் உறுதியாகத் தெரியும்.

அந்தக் குறிப்பு எழுதாத நிரல்கள் இன்னும் ஏராளம். அவற்றுக்கு ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. சூசேயும் ஃபெடோராவும் ஓபன்க்யூஏ என்ற கருவியால் இமேஜை மெய்நிகர் கணினியில் பூட் செய்து, மனிதர் போல விசைகளை அழுத்தி, ஒவ்வொரு திரையையும் எதிர்பார்த்த படத்தோடு ஒப்பிடுகின்றன. சிறிய குழுவுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். க்யூஎம்யூ என்ற மெய்நிகர் கணினியில் இமேஜை இயக்கி, அதற்குள் நிரலின் கர்னல் அழைப்புகளைப் பதியும் எஸ்ட்ரேஸின் கீழ் நிரலை ஓட்டினால், நிரல் தேடித் தோற்ற ஒவ்வொரு கோப்புப் பெயரும் பதிவாகும். லோடரின் டிபக் வசதியை எல்டி டிபக் என்ற சூழல் மாறியால் எழுப்பினால், எந்த லைப்ரரியை எந்த அடைவில் தேடியது என்பதும் வரிசையாக வரும். எதை ஓட்டிப் பார்க்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். குறியாக்கம் இல்லாத வட்டில் மட்டும் சோதித்தால் கிரிப்ட்செட்அப்பின் குறை தெரியாது. கம்பி இணைப்பில் மட்டும் சோதித்தால் வைஃபை வழியின் குறை தெரியாது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் தமிழ்த் திரையில் இருப்பது தெரியாது. இன்ஸ்டாலர் பயனருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு தெரிவும் ஒரு தனிப் பாதை. குறைந்தது ஒரு முறையாவது ஒவ்வொன்றிலும் கடைசிவரை போய்ப் பார்த்திருக்க வேண்டும். விடுபட்ட லைப்ரரி அங்கே கண்ணில் பட்டால், திருத்தம் போக வேண்டிய இடம் இமேஜைக் கட்டும் செய்முறைக் கோப்பு: பேக்கேஜின் தேவைப் பட்டியலில் ஒரு பெயர், அல்லது கழிக்கும் வார்ப்புருவில் ஒரு வரி நீக்கம், அல்லது இனிட்ராம்எஃப்எஸ் விதியில் ஒரு சேர்க்கை, கூடவே அது ஏன் என்று ஒரு வரிக் குறிப்பு. அடுத்த மாதம் இமேஜைப் புதிதாகக் கட்டுகிறவர் வேறொருவராக இருக்கலாம். அவருக்குக் கிடைக்கப்போவது அந்தக் கோப்பு மட்டும்தான்.